88-ஆம் நம்பர் தொழிலாளி

கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் பந்தாட்டக்காரனுக்குச் சங்கம் எதற்கு, வேலைநிறுத்தம் எதற்கு என்று அமெரிக்க முதலாளிப் பத்திரிகைகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நம்மவர்களிலும் இந்தச் சந்தேகம் உள்ளவர்கள் உண்டு. இரவு ஷிப்டு முடித்து நெஞ்சில் பஞ்சோடு வீடு திரும்புகிற ஆலைத் தொழிலாளிக்கும், சேற்றில் நின்று நாற்று நட்டு இடுப்பொடிந்து போகிற பெண்ணுக்கும், அமெரிக்காவில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி நியாயமானதுதான்.

என் அபிப்பிராயம் இது. ஒருவன் தொழிலாளியா இல்லையா என்பதை அவன் வாங்கும் கூலியின் அளவை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பிடிக்காத எஜமானனை விட்டு இன்னொருவனிடம் போக அவனுக்கு உரிமை உண்டா? வேலையில் உடம்பு கெட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது? ஜான் மேக்கி என்ற ஆட்டக்காரரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. பெயரில்தான் கால் இருக்கிறது. இரு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் ஓட வேண்டும். அல்லது ஒருவர் வீச, இன்னொருவர் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவரை மறித்து, இடித்து, தரையில் வீழ்த்தலாம். அது குற்றமல்ல, அதுதான் ஆட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பலர் நூறு கிலோவுக்கு மேற்பட்ட கட்டுடல். பந்து அசையும் ஒவ்வொரு முறையும் இந்த இருபத்திரண்டு உடம்புகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தலையில் கவசம் உண்டு. மண்டை உடையாமல் அது காப்பாற்றும். மண்டைக்குள்ளே மூளை குலுங்குவதை எந்தக் கவசமும் தடுக்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஜான் மேக்கி 1941 செப்டம்பரில் நியூயார்க் வட்டாரத்தில் பிறந்தார். கறுப்பினத்தவர். தந்தை ஒரு பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவருடைய அறைத்தோழர் எர்னி டேவிஸ். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குரிய மிகப் பெரிய பரிசான ஹைஸ்மன் பரிசை 1961-ல் வாங்கிய டேவிஸ்தான் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அந்த டேவிஸ் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 1963-ல் இரத்தப் புற்றுநோயில் இறந்தார், வயது 23. அதே 1963-ல்தான் மேக்கி பால்டிமோர் நகரத்துக் குழுவான கோல்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தார்.

"சேர்ந்தார்" என்று எழுதிவிட்டேன். சேர்க்கப்பட்டார் என்பதே சரி. தேசியக் கால்பந்து லீக் என்ற அந்த முதலாளிக் கூட்டமைப்பில், கல்லூரி முடித்த இளைஞன் தனக்குப் பிடித்த குழுவில் போய் வேலை கேட்க முடியாது. குழு முதலாளிகள் கூடி உட்கார்ந்து, பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் உனக்கு, அவன் எனக்கு என்று முறை போட்டுப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கும் அந்த முறைதான். இப்போது அதைத் தொலைக்காட்சியில் திருவிழாவாகவே காட்டுகிறார்கள்! மேக்கி இரண்டாவது சுற்றில் கோல்ட்ஸின் பங்காக விழுந்தார். சட்டையில் 88-ஆம் நம்பர்.

அவர் ஆடிய இடத்துக்கு 'டைட் எண்ட்' என்று பெயர். முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர் அவர். எதிரிகளை முட்டித் தள்ளித் தன் ஆட்களுக்கு வழி செய்து கொடுப்பதே அந்த இடத்தின் பிரதான வேலையாக இருந்து வந்தது. நடுநடுவே சின்னதாக ஒரு பந்து வந்தால் பிடிக்கலாம். மேக்கி அந்த வேலையையே மாற்றிவிட்டார். முட்டித் தள்ளுவதிலும் கெட்டிக்காரர். பந்தைப் பிடித்துவிட்டாலோ சிறு உடம்புக்காரர்களைப் போல ஓடினார், மறித்தவர்களை உதறிவிட்டுப் போனார். 1966-ல் அவர் ஒன்பது தடவை பந்தைப் பிடித்து எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோனார்; அதில் ஆறு, 50 கஜத்துக்கு மேற்பட்ட தூரம். பத்து ஆண்டுகளில் 331 பந்துகள் பிடித்து 5,236 கஜம் கடந்தார். அந்தப் பத்து ஆண்டிலும் அவர் வராத ஆட்டம் ஒன்றே ஒன்று. ஆலையில் பத்து வருஷத்தில் ஒரு நாள் மட்டும் லீவு போட்டவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு எஜமானர்கள் என்ன சன்மானம் கொடுப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இனி அந்தச் சட்டத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் ஆட்டத்தைவிட இதுதான் முக்கியமாகப்படுகிறது.

ஒரு குழுவோடு செய்த ஒப்பந்தம் முடிந்துவிட்டால் ஆட்டக்காரர் வேறு குழுவுக்குப் போகலாம் என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் இன்னும் ஒரு வருஷம் பழைய எஜமானனிடமே ஆட வேண்டும். அதுவும் பத்து சதவீதம் குறைந்த சம்பளத்துக்கு. இந்தத் தண்டனையையும் சகித்துக்கொண்டு, ஆர்.சி. ஓவன்ஸ் என்ற ஆட்டக்காரர் சான் பிரான்சிஸ்கோ குழுவை விட்டு 1962-ல் பால்டிமோருக்குப் போனார். ஒருவன் போய்விட்டான்! நாளை பத்துப் பேர் போவார்கள் அல்லவா? முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். 1963-ல் புதிய விதி ஒன்று போட்டார்கள். ஆட்டக்காரனை எடுத்துக்கொள்ளும் புதிய குழு, அவனை இழந்த பழைய குழுவுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இரு குழுக்களுக்கும் ஒத்துவரவில்லை என்றால் என்ன கொடுப்பது என்பதை லீக் கமிஷனர் தன் இஷ்டப்படி முடிவு செய்வார். பணமாக அல்ல, ஆளாக! புதிய குழுவில் யாரை வேண்டுமானாலும் காட்டி, இவனைக் கொடு என்று அவர் சொல்லலாம். வரப்போகும் ஆண்டின் பங்கு பிரிப்பில் அந்தக் குழுவுக்குரிய முதல் ஆளைக் கொடு என்றும் சொல்லலாம். அப்பீல் கிடையாது. அந்தக் கமிஷனரின் பெயர் பீட் ரோஸெல். விதிக்கும் அவர் பெயரே நிலைத்து 'ரோஸெல் விதி' ஆயிற்று. கமிஷனரை நியமிப்பவர்கள் முதலாளிகள். சம்பளம் கொடுப்பவர்களும் அவர்களே. மிராசுதார்கள் வைத்த நாட்டாண்மையிடம் பண்ணையாள் வழக்குக்குப் போன கதைதான்.

1968-ல் டேவ் பார்க்ஸ் என்ற ஆட்டக்காரர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூ ஆர்லியன்சுக்குப் போனார். நியூ ஆர்லியன்ஸ் ஒரு புதிய வீரரையும், அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ரோஸெல் தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான், எல்லாக் குழுக்களும் வாயை மூடிக்கொண்டன. ஒருவனைப் பிடிக்கப் போய் யாரை இழப்போம் என்று தெரியாதபோது எவன் துணிவான்? 1963 முதல் 1974 வரை குறைந்த சம்பளத்துக்கு அந்தக் கூடுதல் வருஷத்தையும் ஆடிமுடித்து விடுதலை கேட்டவர்கள் 176 பேர். அவர்களில் வேறு குழுவில் சேர முடிந்தவர்கள் 34 பேர். ரோஸெல் நேரில் தலையிட்டு ஆள் பிடித்துக் கொடுத்தது நாலே தடவைதான். நாலு போதும். ஊருக்கு நடுவில் ஒருவனைக் கட்டிவைத்து அடித்தால் மற்றவர்களை அடிக்க வேண்டிய அவசியம் இல்லையே!

ஆட்டக்காரர்கள் சங்கம் 1956-ல் தோன்றியது. அது அன்றைக்கு வைத்த கோரிக்கைகள் நமக்கு அந்நியமானவை அல்ல: குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும், ஆட்டத்துக்கான சாமான்களைக் குழுவே வாங்கித் தர வேண்டும், ஆட்டத்தில் அடிபட்டுப் படுத்தால் சம்பளத்தை நிறுத்தக்கூடாது. கால் ஒடிந்தவனுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்பதற்கே ஒரு சங்கம் வேண்டியிருந்தது, அதுவும் உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டில்.

1960-களில் போட்டி லீக் ஒன்று இருந்ததால் ஆட்டக்காரர்களின் விலை கொஞ்சம் ஏறியது. முதலாளிகளுக்கு இது பொறுக்குமா? இரண்டு லீக்குகளும் இணைய 1966-ல் உடன்பாடு செய்து, 1970-ல் இணைந்தே விட்டன. எஜமானர்கள் ஒன்று சேர்ந்தால் வேலையாட்களும் ஒன்று சேர வேண்டியதுதான். இரு சங்கங்களும் ஒன்றாயின. ஒன்றுபட்ட சங்கத்தின் முதல் தலைவராக ஜான் மேக்கி தேர்ந்தெடுக்கப்பட்டார், வயது 28.

இதன் கனத்தை உணர வேண்டும். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். தனக்கென்று பேரம் பேசினால் தனக்கு வேண்டியது கிடைத்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பேர் தெரியாத ஆட்டக்காரனுக்காக எஜமானர்களின் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கறுப்பினத்தவர் ஒருவர், வெள்ளை முதலாளிகளின் எதிரில், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்த சங்கத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். நட்சத்திரங்கள் தங்களைத் தனி ஜாதியாக நினைத்துக்கொள்வது எல்லாத் தொழிலிலும் உள்ள வியாதி. மேக்கிக்கு அந்த வியாதி இல்லை.

1970 ஜூலையில் பென்ஷன் பேச்சுவார்த்தை முறிந்தது. முதலாளிகள் பயிற்சி முகாம்களைக் கதவடைத்தார்கள். பிறகு முகாமைத் திறந்து உள்ளே வரச் சொன்னபோது, வரமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் உடன்பாடு வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் புதியவருக்கு ஆண்டுக்கு 9,000 டாலர், பழையவருக்கு 10,000 டாலர் என்றாயிற்று. பென்ஷன் உயர்ந்தது, பல் வைத்தியச் செலவு சேர்ந்தது, ஒப்பந்தம் பேசத் தன் சார்பில் ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது, காயம் பற்றிய தகராறை நடுநிலையாளர் விசாரிப்பது என்றும் ஏற்பட்டது. நாலு நாள் வேலைநிறுத்தத்துக்கு இது சின்னப் பலன் அல்ல.

அதே பருவத்தில் கோல்ட்ஸ் குழு கடைசி ஆட்டம் வரை போயிற்று. 1971 ஜனவரி 17 அன்று டாலஸ் குழுவோடு 'சூப்பர் பவுல்'. ஜானி யூனிடாஸ் வீசிய பந்து தன் குழுக்காரர் ஒருவர் கையில் தட்டி, எதிரி ஒருவர் விரலிலும் உரசி, பின்னால் நின்ற மேக்கியின் கையில் வந்து விழுந்தது. பிடித்தார், ஓடினார். 75 கஜம். பால்டிமோர் 16-க்கு 13 என்று ஜெயித்தது. கோடையில் எந்த முதலாளிகளை எதிர்த்து நின்றாரோ, அவர்களில் ஒருவருக்கே மாரியில் கோப்பை வாங்கிக் கொடுத்தார். வேலையில் குறை வைப்பவன்தான் சங்கம் பேசுவான் என்கிற பழைய பொய்க்கு இது போதுமான பதில்.

1972-ல் ஒரு வேடிக்கை நடந்தது. கோல்ட்ஸ் குழுவின் சொந்தக்காரர் கரோல் ரோசன்புளூம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ராம்ஸ் குழுவை வாங்கிய ராபர்ட் இர்சேயோடு பேசி, குழுவுக்குக் குழு மாற்றிக்கொண்டார். உன் குழு எனக்கு, என் குழு உனக்கு! சந்தையில் மாட்டை மாற்றிக்கொள்வதற்குக்கூடத் தரகர் துண்டைப் போர்த்திக் கைவிரல் பிடிப்பார்; இங்கே இரண்டு நகரத்து ஆட்டக்காரர்களும் ஒரே கையெழுத்தில் எஜமானன் மாறினார்கள். ஆட்டக்காரன் ஒருவன் குழு மாறினால் நஷ்டஈடு. எஜமானன் குழுவையே மாற்றினால் வியாபாரம். அதே ஆண்டில் மேக்கியும் பால்டிமோரை விட்டுப் போனார். சான் டியேகோவில் ஒரு பருவம் ஆடியதோடு அவர் ஆட்டம் முடிந்தது.

அந்த 1972-லேயே மேக்கியும் வேறு சில ஆட்டக்காரர்களும் ரோஸெல் விதியை எதிர்த்து மினியாபொலிஸ் நகரத்துக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். ஜெயித்தாலும் மேக்கிக்கு ஆட்டத்தில் ஒரு லாபமும் இல்லை. அவர் ஆடி முடித்துவிட்டவர். 55 நாள் விசாரணை நடந்தது. சாட்சியம் பதினோராயிரம் பக்கத்தைத் தாண்டியது. இந்த விதி இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பணக்கார நகரங்களுக்கு ஓடிவிடுவார்கள், ஆட்டமே அழிந்துவிடும் என்று முதலாளிகளின் வக்கீல்கள் வாதித்தார்கள். கொத்தடிமையை விடுவித்தால் விவசாயமே படுத்துவிடும் என்ற வாதத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இந்த விதி அடங்கியிருக்கிறது, ஆகவே சங்கமே இதற்குச் சம்மதம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். 1975 டிசம்பர் 30 அன்று ஜட்ஜ் எர்ல் லார்சன், விதி சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். 1976 அக்டோபரில் மேல் கோர்ட்டும், இந்த விதி நேர்மையாகப் பேரம் பேசி ஏற்பட்டதல்ல, ஆட்டக்காரர்கள்மேல் சுமத்தப்பட்டது என்று கண்டு, அது நியாயமற்ற கட்டுப்பாடு என்ற முடிவை உறுதி செய்தது. அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் அந்த வழக்குக்கு 'மேக்கி எதிர் தேசியக் கால்பந்து லீக்' என்று பெயர்.

இத்தோடு வெற்றி முழக்கம் போட்டுக் கதையை முடித்துவிடலாம். ஆனால் நடந்தது அப்படி அல்ல.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1974 ஜூலையில், சுதந்திரம் இல்லையேல் பந்தாட்டமும் இல்லை என்ற முழக்கத்தோடு சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆறு வாரம் நின்றது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக முகாமுக்குள் நுழைந்தார்கள். கையில் எதுவும் இல்லாமல் போராட்டம் முடிந்தது. சங்கம் பலவீனமாயிற்று. இந்த நிலையில்தான் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. கையில் தீர்ப்பு இருந்தது, பின்னால் படை இல்லை. 1977-ல் சங்கம் சமரசத்துக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு; சங்கத்துக்குச் சந்தாப் பாதுகாப்பு. அதற்குப் பதிலாக, குழு மாறுகிறவனுக்காகப் பழைய குழுவுக்கு ஈடு கொடுக்கும் முறை வேறு உருவத்தில் திரும்ப வந்தது. ரோஸெலின் இஷ்டம் போய் அட்டவணைக் கணக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த பத்து ஆண்டில் இந்த முறையில் குழு மாற முடிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சங்கத் தலைவர்களை இதற்காகத் திட்டுவது சுலபம். பெட்டியில் காசு இல்லை, ஆள் இல்லை என்ற நிலையை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனாலும் என் மனதுக்கு இது தப்பான பேரமாகவே படுகிறது. ஜட்ஜு எழுதிக் கொடுத்த சுதந்திரத்தை விற்றுச் சங்கத்தைப் பிழைக்க வைத்தார்கள்; பிழைத்த சங்கம் அந்தச் சுதந்திரத்தைத் திரும்ப வாங்கப் பதினாறு வருஷம் ஆயிற்று. 1987-ல் அதற்காகவே மறுபடி வேலைநிறுத்தம். முதலாளிகள் கருங்காலிகளைக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். தொலைக்காட்சிக் கம்பெனிகளும் ஒளிபரப்பின. பெரிய பெரிய நட்சத்திரங்கள் சிலர் தாங்களும் மறியலைத் தாண்டி உள்ளே போனார்கள். 24 நாளில் முறிந்தது. சங்கம் மறுபடி கோர்ட்டுப் படி ஏறி, 1992-ல் அதே மினியாபொலிஸில் ஜூரியின் தீர்ப்பைப் பெற்று, 1993-ல்தான் ஒப்பந்தம் முடிந்தவன் குழு மாறலாம் என்ற நிலை வந்தது. அதற்கும் எல்லா ஆட்டக்காரர் சம்பளத்துக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு என்ற விலை கொடுத்தார்கள். இன்றைக்குக் கோடிகளில் கையெழுத்துப் போடும் இளைஞர்கள் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

எஜமானர்கள் மட்டும் எந்தக் காலத்திலும் சுதந்திரமாகவே இருந்தார்கள். 1984 மார்ச் மாதத்து இரவு ஒன்றில் இர்சே, பால்டிமோர் ஜனங்கள் தூங்கும்போது லாரிகளைக் கொண்டுவந்து, கோல்ட்ஸ் குழுவின் சாமான்களை எல்லாம் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். விடிந்து பார்த்தால் ஊரில் குழு இல்லை. முப்பது வருஷம் கூவிக் கூவி அந்தக் குழுவை வளர்த்த தொழிலாளி ஜனங்களுக்கு நஷ்டஈடு உண்டா? அதற்கு ரோஸெல் விதி கிடையாது.

மேக்கிக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் மண்டபம் ஒன்று ஒஹையோ மாநிலத்தில் காண்டன் நகரத்தில் இருக்கிறது. மேக்கியைவிடக் குறைந்தவர்களுக்கு எல்லாம் கதவு திறந்தது, அவருக்குத் திறக்கவில்லை. சாதாரணப் பட்டியலில் பெயர் இருக்கக்கூடிய கடைசி ஆண்டான 1992-ல்தான் திறந்தது. சங்கம் நடத்திய குற்றத்துக்காகத்தான் இந்தத் தாமதம் என்று அவரோடு ஆடியவர்கள் பலர் நம்பினார்கள். நிரூபிக்கக் காகிதம் இல்லை. கறுப்புப் பட்டியலுக்கு எந்த முதலாளி ரசீது கொடுத்திருக்கிறான்? அந்தக் கௌரவத்துக்குரிய மோதிரத்தை இண்டியானாபொலிஸில் வந்து வாங்கிக்கொள்ள மேக்கி மறுத்துவிட்டார். பால்டிமோரின் பழைய மைதானத்தில், பழைய ஜனங்களின் நடுவில்தான் வாங்கிக்கொண்டார்.

இனி இரண்டாவது கேள்வி: உடம்பு.

ஐம்பதுகளின் கடைசியில் மேக்கிக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. குணம் மாறியது. மூளையின் முன்பகுதி தேய்ந்து அறிவு மங்கும் நோய் என்று டாக்டர்கள் கண்டார்கள். 2000-ல் நாட்டின் சிறந்த கல்லூரி 'டைட் எண்ட்'டுக்கு ஜான் மேக்கி பரிசு என்று அவர் பெயரில் ஒரு பரிசு ஏற்பட்டது; அந்த வருஷங்களில் அவருக்கே அவர் யார் என்பது மங்கிக்கொண்டிருந்தது. சாம்பியன் மோதிரத்தையும் கௌரவ மண்டபத்து மோதிரத்தையும் மட்டும் விரலிலிருந்து கழற்றவே மாட்டார். விமான நிலையத்துச் சோதனையில் கழற்றச் சொன்னபோது மறுத்துத் திமிறி ஓட, காவலர்கள் அவரைத் தரையில் வீழ்த்திப் பிடித்தார்கள். எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் எவராலும் எளிதில் வீழ்த்த முடியாத மனிதர்!

அவர் பென்ஷன் மாதம் 2,500 டாலருக்கும் குறைவு. அமெரிக்காவில் அறிவு மங்கியவரை வைத்துப் பராமரிக்கும் இல்லத்துக்கு அது எந்த மூலைக்கு? மனைவி சில்வியா, ஐம்பது வயது கடந்த பிறகு, விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போனார், மருத்துவ இன்ஷூரன்ஸுக்காக. ஆட்டத்தால் ஏற்பட்ட ஊனத்துக்கு உதவி தரும் திட்டம் ஒன்று லீக்கிலும் சங்கத்திலும் இருந்தது. இந்த நோய்க்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்தக் கதவு சாத்தப்பட்டது. நூற்பாலைத் தொழிலாளியின் நுரையீரலுக்கும் பஞ்சுத் தூசுக்கும் சம்பந்தம் இல்லை என்று எத்தனை காலம் சொன்னார்கள்!

லீக் சும்மா இருக்கவில்லை. தலைக்காயத்தை ஆராய 1994-லேயே ஒரு குழு அமைத்தது. அதன் தலைவராகப் போட்டவர் மூளை வைத்தியர் அல்ல, மூட்டுவாத வைத்தியர். தலையில் அடிபட்டதால் நீடித்த கெடுதல் இல்லை என்று அந்தக் குழு வருஷக்கணக்கில் கட்டுரை எழுதித் தள்ளியது. இதற்கிடையில், பிட்ஸ்பர்க் குழுவில் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-ல் ஐம்பதே வயதில் இறந்தார். பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர் அவர் மூளையைச் சோதித்து, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு அது என்று கண்டு 2005-ல் வெளியிட்டார். கட்டுரையை வாபஸ் வாங்கு என்று லீக்கின் டாக்டர்கள் எழுதினார்கள். 2009-ல் அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணையில் ஓர் உறுப்பினர், சிகரெட் கம்பெனிகள் சொன்ன பொய்யோடு இதை ஒப்பிட்டுக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில்தான் நீடித்த கெடுதல் உண்டு என்பதை லீக்கின் சார்பில் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

2006-ல் சில்வியா அப்போதைய கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணவர் எந்த நிலையில் இருக்கிறார், பராமரிக்கிறவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பச்சையாக எழுதினார். 2007-ல் லீக்கும் சங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. அறிவு மங்கிய பழைய ஆட்டக்காரர் எவருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை, வீட்டில் வைத்துப் பார்த்தால் 50,000 டாலர் வரை. மேக்கியின் சட்டை நம்பரை வைத்து '88 திட்டம்' என்று பெயரிட்டார்கள். நோய்க்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளாமலே காசு கொடுக்கும் சாமர்த்தியமான திட்டம்தான். ஆனாலும் எத்தனையோ குடும்பங்களை அது காப்பாற்றியது. சங்கத்தையும் இங்கே ஒரு வார்த்தை கண்டிக்காமல் விட முடியாது. தன் முதல் தலைவரின் மனைவி எஜமானனுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை வரும் வரை சங்கம் எங்கே போயிருந்தது? சந்தா கட்டும் இளைஞனைப் பார்க்கும் கண் ஓய்வுபெற்றவனைப் பார்க்கவில்லை.

ஜான் மேக்கி 2011 ஜூலை 6 அன்று பால்டிமோரில் இறந்தார், வயது 69. அன்றைக்கு அமெரிக்கப் பந்தாட்ட முகாம்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. லாபத்தில் தங்கள் பங்கு போதாது என்று முதலாளிகள் மார்ச் மாதமே கதவடைப்புச் செய்திருந்தார்கள். அவர் இறந்து 19 நாள் கழித்துத்தான் பூட்டுத் திறந்தது. அவர் மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்குக் குடும்பத்தார் கொடுத்தார்கள். வெப்ஸ்டரிடம் கண்ட அதே சிதைவு அதிலும் இருந்தது.

அந்த 2011-லிருந்து ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் லீக்கின்மேல் வழக்குப் போட்டார்கள். 2015-ல் கோர்ட்டு ஒரு சமரசத்தை ஏற்றது; நோயின் தன்மைக்கேற்ப நஷ்டஈடு என்று ஏற்பாடு. எவ்வளவு அறிவு மங்கியிருக்கிறது என்று பார்க்கப் பரீட்சை வைப்பார்கள். இங்கேதான் ஒரு சூட்சுமம். ஆட்டக்காரன் முன்பு எந்த அளவு அறிவோடு இருந்திருப்பான் என்று ஓர் உத்தேசக் கணக்கு வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கில் வெள்ளையனுக்கு ஓர் அளவு, கறுப்பனுக்கு அதைவிடக் குறைந்த அளவு! இருவரும் ஒரே மதிப்பெண் வாங்கினால், வெள்ளையன் அறிவை இழந்தவன், அவனுக்குப் பணம் உண்டு. கறுப்பன் ஆரம்பத்திலேயே அவ்வளவுதான், ஆகவே இழப்பு ஒன்றும் இல்லை, பணமும் இல்லை. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதை நினைத்தால் இதில் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

2020-ல் இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஆட்டக்காரர்களின் மனைவிமார்கள் பல்லாயிரம் கையெழுத்துத் திரட்டிக் கோர்ட்டில் கொடுத்தார்கள். 2021-ல் லீக் அந்தக் கணக்கைக் கைவிட ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில் ஜட்ஜு திருத்தத்தை ஏற்றார். கறுப்பின ஆட்டக்காரர்களின் பழைய பரீட்சைத் தாள்கள், நிறத்தைப் பார்க்காமல், மறுபடி மதிப்பிடப்பட்டன. முன்பு நோய் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு நோய் இருந்தது.